கற்பு, கண், காவல்: கிறிஸ்தவத் தூய்மைச் சொல்லாடல் குறித்துச் சில

1

'கற்பு', 'பரிசுத்தம்', 'இச்சையடக்கம்' என்று யாராவது பேச்செடுத்தால் நாம் பார்க்கிற எதிர்வினைகள் இரண்டுதான். ஒன்று, சபை மேடையில் நின்று கையை உயர்த்தி 'ஓடு, யோசேப்பு மாதிரி ஓடு' என்று முழங்குவது. இன்னொன்று, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு 'அதெல்லாம் அமுக்கி வைக்கிற வேலை தோழர், உடம்புக்கு விடுதலை வேணும்' என்று சிரிப்பது. முதல் ஆளுக்கு இச்சை என்பது வெளியிலிருந்து, பெரும்பாலும் ஒரு பெண்ணின் உருவத்தில், வருகிற பிசாசு. இரண்டாவது ஆளுக்கு அது உள்ளே மூடி வைக்கப்பட்ட ஊற்று. மூடியை எடுத்தால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். இரண்டு பேருமே இச்சைக்கு வரலாறு கிடையாது என்று நம்புகிறவர்கள். ஒருவர் அணை கட்டச் சொல்கிறார், இன்னொருவர் அணையை உடைக்கச் சொல்கிறார். தண்ணி எங்கேர்ந்து வருது, யார் வயலுக்குப் போகுது என்று கேட்க இருவருக்கும் நேரமில்லை.

1976இல் வெளிவந்த 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில் மிஷேல் ஃபூக்கோ கேள்விக்குட்படுத்தியது இந்த இரண்டாவது சிரிப்பைத்தான். மேற்குலகம் பாலியலைப் பேசவிடாமல் அமுக்கியது என்பதைவிட, அதை ஓயாமல் பேசவைத்தது என்பதே அவர் வாதம். ஆனால் தமிழில் ஃபூக்கோவை எடுத்துக்கொண்ட பலரும் மருத்துவமனை, சிறைச்சாலை என்று அவரை வாசித்தார்களே ஒழிய, அவருடைய கடைசி வருடங்களின் அக்கறையான தொடக்ககாலக் கிறிஸ்தவத்தின் பக்கம் அதிகம் போகவில்லை. அந்த வேலையின் பெரும்பகுதி, அவர் 1984இல் செத்து முப்பத்துநான்கு வருடம் கழித்து, 2018இல்தான் நான்காம் தொகுதியாக அச்சானது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இது. கிறிஸ்தவத் தூய்மை என்று நாம் ஒற்றைப் பெயரில் அழைப்பது ஒற்றைச் சொல்லாடல் அல்ல. அதற்குள் இரண்டு இழைகள் முறுக்கிக் கிடக்கின்றன. ஒன்று, சோதிக்கப்படுகிறவர் தன்மீதே செய்துகொள்ளும் உழைப்பு. மற்றது, இன்னொருவரின் உடம்பைக் காவல் காப்பது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஆதரிப்பதும் சரி, தூக்கி எறிவதும் சரி, யாருக்கோ ஆபத்தாக முடிகிறது.

2

மலைப்பிரசங்கத்திலிருந்து தொடங்கலாம். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு, இச்சையோடு பார்ப்பதையே விபச்சாரத்தோடு சேர்க்கிறார். கண் இடறச் செய்தால் கண்ணைப் பிடுங்கிப் போடு என்கிறார். பேச்சு ஆணை நோக்கியது. பிடுங்கச் சொல்வது பார்க்கிறவனின் கண்ணை. பார்க்கப்படுகிறவளின் முந்தானை, நடை, சிரிப்பு பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் இந்தப் பகுதியை வைத்துப் பிரசங்கம் ஆரம்பித்தால் பத்தாவது நிமிடத்தில் 'அதனால சகோதரிகளே, உடுத்துறதுல கவனமா இருங்க' என்று வந்து நிற்கும். கண்ணைப் பற்றிய கட்டளை சேலையைப் பற்றிய கட்டளையாக மாறுவதை அங்கே யாரும் கவனிப்பதில்லை.

தாவீது–பத்சேபாள் கதைக்கும் இதே கதி. இரண்டாம் சாமுவேல் பதினோராம் அதிகாரத்தில் சாயங்கால வேளையில் அரண்மனை மாடியில் உலாத்துகிறவன் தாவீது. ஆள் அனுப்பி அவளை வரவழைக்கிறவன் தாவீது. கர்ப்பம் தெரிந்ததும் அவள் புருஷன் உரியாவை மும்முரமான போர்முனையில் நிறுத்திச் சாகவிட்டவனும் அவனே. அடுத்த அதிகாரத்தில் நாத்தான் தீர்க்கதரிசி வந்து சொல்கிற உவமையில் என்ன இருக்கிறது? ஏழை ஒருவனிடம் ஒரேயொரு ஆட்டுக்குட்டி. மந்தை மந்தையாக வைத்திருக்கிற பணக்காரன் அதைப் பறித்துச் சமைக்கிறான். குற்றத்தின் பெயர் பறிப்பு. பத்சேபாளுக்கு எதிராக நாத்தான் வாயே திறக்கவில்லை. 'அவ ஏன் அங்க குளிச்சா?' என்ற கேள்வி பிரதியில் இல்லை. வாசிக்கிறவன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. (நாத்தானின் உவமையிலும் பெண் ஒரு ஆட்டுக்குட்டிதான், இன்னொருவனின் சொத்துதான் என்பதையும் மறக்க வேண்டாம்.)

மேடைகளுக்குப் பிடித்த யோசேப்பையே எடுத்துக்கொள்வோம். ஆதியாகமம் 39இல் அவன் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. வற்புறுத்துகிறவள் எஜமானி. மறுத்ததற்குக் கிடைத்த கூலி பொய்க் குற்றச்சாட்டும் சிறையும். இன்றைய மொழியில் சொன்னால் வேலையிடத்தில் மேலிடத்துப் பாலியல் நெருக்கடி. மேடைக்குப் போகும்போது அடிமைத்தனம் உதிர்ந்துவிடுகிறது. 'மயக்கும் பெண்' மட்டும் மிஞ்சுகிறாள்.

கட்டளையை அட்சரசுத்தமாக எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். மூன்றாம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவின் பேரறிஞர் ஓரிஜென் தன்னையே காயடித்துக்கொண்டார் என்று திருச்சபை வரலாறெழுதிய யூசேபியஸ் சொல்கிறார். ஆய்வாளர் சிலர் இதைச் சந்தேகிக்கிறார்கள். ஆனால் பழக்கம் ஒன்று இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 325இல் கூடிய நைசியா பொதுச்சங்கம் தன் முதல் விதியையே இதற்குச் செலவிட்டிருக்காது. நல்ல உடல்நிலையில் இருந்துகொண்டு தானே வெட்டிக்கொண்டவன் குருத்துவத்துக்கு ஆகமாட்டான். நோய்க்காக வைத்தியரால் வெட்டப்பட்டவனுக்கும், எஜமானனாலோ அந்நியப் படையாலோ பலவந்தமாக வெட்டப்பட்டவனுக்கும் தடையில்லை என்பது அதன் சாரம். இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். போராட்டத்தைக் கத்தியால் முடித்துவிட முடியாது என்பது ஒன்று. பலவந்தமாக ஒருவர் உடம்பில் நடந்தது அவர் கணக்கில் ஏறாது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதுக்குப் பிறகு வருவோம்.

3

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனங்களுக்குப் போனவர்களில் எவாக்ரியஸ் ஒருவர். கான்ஸ்டாண்டிநோபிளில் செல்வாக்கான திருத்தொண்டர். மணமான, மேல்தட்டுப் பெண் ஒருத்தியோடு காதல் சிக்கி, ஊரைவிட்டு எருசலேமுக்கு ஓடி, அங்கிருந்து எகிப்துக்குப் போய், 399இல் அங்கேயே செத்தவர். 'ஓடு' என்ற உபதேசத்துக்கு நல்ல உதாரணம். ஆனால் ஓடிப்போன இடத்தில் அவர் கண்டது, துரத்தியது பெண் இல்லை, நினைவு என்பதை. துறவியைத் தாக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார்: பெருந்தீனி, காமம், பணத்தாசை, துயரம், கோபம், சலிப்பு, வீண்பெருமை, அகந்தை. காமம் எட்டில் ஒன்று, அவ்வளவுதான். தீனிக்கு அடுத்து, பணத்துக்கு முன்னால். இன்றைக்குப் 'பாவம்' என்றாலே படுக்கைதான் என்று ஆகிவிட்ட நிலையில் இந்த வரிசை யோசிக்க வைப்பது. எண்ணம் வருவதும் வராததும் நம் கையில் இல்லை, அதை உள்ளே உட்காரவிடுவதா என்பதே நம் கையில் இருக்கிறது என்பது அவர் கண்ட நடைமுறை உண்மை. வந்ததுக்கே குற்றவுணர்வில் துடிக்கிற பையனுக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ உபகாரமாக இருந்திருக்கும்.

பாலைவனத்து அன்னையரில் சாரா என்று ஒருத்தி. பதின்மூன்று வருடம் காம எண்ணத்தோடு மல்லுக்கட்டினாள் என்றும், அந்தப் போர் நின்றுபோகட்டும் என்று ஒருநாளும் வேண்டவில்லை, பலம் கொடு என்று மட்டுமே வேண்டினாள் என்றும் பாலைவனத்தார் வாக்குத் தொகுப்புகள் சொல்கின்றன. இந்தச் சொல்லாடலில் பெண் எப்போதும் சோதனையாகவே வருவாள். இங்கே அவள் சோதிக்கப்படுகிறவள். அவளுக்கென்று இச்சை இருக்கிறது, அவளே அதை எதிர்கொள்கிறாள், வென்றால் வெற்றி அவளுடையது. அந்தக் கடைசி வரியை அவளே மறுப்பாள். வென்றது நானில்லை, என் ஆண்டவர் என்பாள். அது அவள் விசுவாசம். ஆனால் எந்த அப்பனும் எந்தப் புருஷனும் அவள் தூய்மைக்குப் பொறுப்பேற்று நிற்கவில்லை என்பதே நமக்கு முக்கியம்.

எகிப்தில் கற்றதை லத்தீனுக்குக் கொண்டுபோனவர் ஜான் காசியன். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்செய்யில் இருந்துகொண்டு எழுதியவர். கற்பின் படிகள் ஆறு என்கிறார். விழிப்பில் சரியாமலிருப்பது முதல்படி. கனவிலும் உருவங்களால் ஏமாறாமலிருப்பது கடைசிப்படி. ஐந்தாம் படி வேடிக்கையானது: வாசிப்பில் மனிதப் பிறப்பு பற்றிப் பேச நேர்ந்தால், செங்கல் அறுக்கிற தொழில் பற்றிப் படிப்பதுபோல மனசு அலட்டாமல் இருக்க வேண்டுமாம். 1982இல் ஃபூக்கோ இந்த ஆறு படிகளை வாசித்துச் சொன்னது கூர்மையானது. இந்தப் போரில் இன்னொரு ஆள் கிடையாது, புணர்ச்சியே கிடையாது. தன் எண்ணத்தில் தன் சித்தம் எவ்வளவு தூரம் கலந்திருக்கிறது என்ற ஓயாத விசாரணைதான் இருக்கிறது. தடைவிதிகளின் பட்டியல் அல்ல இது. ஒரு புதிய தன்னிலையை உருவாக்கும் தொழில்நுட்பம்.

இதன் இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். ஓயாமல் தன்னைத் துருவுகிறவன் கண்டதையெல்லாம் மூத்தவரிடம் கொட்டியாக வேண்டும். ஒளித்தால் அதுவே பிசாசு இருப்பதற்கு அடையாளம். இப்படித்தான் கேட்கிற காதுக்கு அதிகாரம் வருகிறது. நமக்கும் இது தூரத்துக் கதையில்லை. என்றிக்கே என்றீக்கசு பாதிரியார் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். கொச்சியில் 1580இல் வந்தது பாவசங்கீர்த்தனத்துக்கான தமிழ்க் கையேடு. தமிழ் அச்செழுத்து பிறந்து இரண்டு வருடத்துக்குள் முத்துக்குளித்துறை மக்களிடம் அது கேட்கப்போன காரியங்களில் ஒன்று 'உன் பாவம் என்ன, சொல்லு' என்பது.

4

இனி அகுஸ்தீன். பாலியல் சோதனையை வென்றவர் என்று மேடைகள் முதலில் நிறுத்துவது இவரைத்தான். கதை தெரிந்ததே: இளமையில் திரிந்தார், தாய் மோனிக்கா அழுதாள், 386இல் மிலான் தோட்டத்தில் பவுலின் நிருபத்தைத் திறந்து படித்தார், மனம் மாறினார், 387 பாஸ்காவில் ஞானஸ்நானம் பெற்றார். 'ஒப்புதல்கள்' என்ற அந்த நூலை மறுபடி விரித்து, ஆறாம் புத்தகத்தைக் கொஞ்சம் மெதுவாக வாசிக்கலாம்.

கார்த்தேஜில் படிக்கும் வயதிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாக அவர் ஒரே ஒருத்தியோடுதான் வாழ்ந்தார். திருமணமல்ல, அன்றைய ரோமானியச் சமூகம் அனுமதித்த, கீழ்நிலைப் பெண்ணோடான சேர்ந்து வாழ்தல். அவளுக்கு உண்மையாக இருந்ததாக அவரே எழுதுகிறார். அதியோதாத்துஸ் என்று மகன். 385 வாக்கில் மிலானில் அரசவைப் பேச்சுக்கலை ஆசிரியராகிவிட்ட அகுஸ்தீனுக்குப் பெரிய இடத்துச் சம்பந்தம் பார்க்கப்படுகிறது. பெண்ணுக்குச் சட்டப்படியான திருமண வயது வர இன்னும் ஏறத்தாழ இரண்டு வருடம். அன்றைய சட்ட வயது பன்னிரண்டு. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சம்பந்தத்துக்கு இடைஞ்சல் என்று, கூட வாழ்ந்தவள் பிரித்தெடுக்கப்பட்டு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்படுகிறாள். போகும்போது, இனி எந்த ஆணையும் அறியமாட்டேன் என்று கடவுளுக்கு நேர்ந்துகொண்டு போகிறாள். பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டுப் போகிறாள். அகுஸ்தீனோ, அந்தப் பெண்ணைப் பின்பற்ற முடியாதவனாய், இரண்டு வருடம் காத்திருக்கப் பொறுக்காமல், இடையில் வேறொருத்தியைச் சேர்த்துக்கொள்கிறார். இதையும் அவரே எழுதுகிறார். மறைக்கவில்லை, இதயம் கிழிந்து ரத்தம் கசிந்ததையும் சொல்கிறார்.

ஆக, மேற்குலகத் தூய்மைக் கதையாடலின் இந்த மூலப்பிரதியில் முதலில் கற்பு நேர்ந்துகொண்டது யார்? அவள். தோட்டமும் இல்லாமல், குழந்தைக் குரலும் கேட்காமல், பிழைப்பும் பிள்ளையும் பறிபோன நிலையில் நேர்ந்துகொண்டவள். அவருக்குக் குறைந்தது ஒரு வருடத்துக்கு முந்தி. அவளுக்கு அந்தப் புத்தகத்தில் பெயர் இல்லை. அவள் மானத்தைக் காக்கத்தான் பெயரை விட்டார் என்று வாதிடுகிறவர்கள் உண்டு, இருக்கலாம். ஆனால் பிரதி அவளை வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். அவர் கடந்துபோக வேண்டிய 'இச்சை' என்ற தலைப்பின் கீழ்தான் அவள் இருக்கிறாள். பத்து வயசுச் சிறுமியை நிச்சயம் பண்ணியதும், கூட வாழ்ந்தவளைக் கப்பலேற்றியதும் தனிப் பாவங்களாக எழுதப்படுவதில்லை. தன் சித்தம் இச்சைக்குக் கட்டுப்பட்டிருந்தது என்பதே பாவமாக எழுதப்படுகிறது. காசியனிடம் நாம் பார்த்தது இங்கே ஒரு உயிருள்ள பெண்ணின் விலையில் நடக்கிறது. உள்முகமாகத் துருவத் துருவ எதிரில் இருக்கிற ஆள் மறைந்துபோகிறாள்.

5

இதே அகுஸ்தீனிடமிருந்துதான் எதிர்த்திசையில் ஒரு சாவியும் கிடைக்கிறது. 410இல் கோத்தியர் ரோமைச் சூறையாடினார்கள். கிறிஸ்தவப் பெண்கள், நேர்ந்துகொண்ட கன்னியர் உட்பட, வல்லுறவுக்கு ஆளானார்கள். ரோமானியர்களிடம் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி இருந்தது: கெடுக்கப்பட்டதும் தன்னைக் குத்திக்கொண்டு செத்த லுக்ரேஷியா. 413இல் எழுதத் தொடங்கிய 'கடவுளின் நகரம்' முதல் புத்தகத்தில் அகுஸ்தீன் நேரடியாக இதை எதிர்க்கிறார். கற்பு சித்தத்தின் குணம். சித்தம் இணங்காதபோது உடம்பில் இன்னொருத்தன் செய்தது அவளைக் களங்கப்படுத்தாது. அவள் சாக வேண்டியதில்லை. லுக்ரேஷியா குற்றமற்றவள் என்றால் அவளுக்கு ஏன் மரணம் என்று கேட்கிறார். நைசியா விதியின் இரண்டாம் பாதி இங்கே பெண்களுக்கு நீட்டப்படுகிறது. (கொடுத்த கையால் கொஞ்சம் எடுத்தும் கொள்கிறார். அந்தப் பெண்கள் தங்கள் கற்பைப் பற்றி உள்ளுக்குள் பெருமைப்பட்டிருக்கலாம், அதனால் கடவுள் இதை அனுமதித்திருக்கலாம் என்று ஒரு ஊகத்தையும் சேர்த்துவிடுகிறார். ஆண் அறிஞர்களுக்கு வாயை மூடுகிற இடம் தெரிவதில்லை.)

ஆயிரத்து அறுநூறு வருடம் கழித்து என்ன ஆயிற்று? 1993இல் அமெரிக்காவின் தென்பகுதி பாப்டிஸ்டுகள் 'உண்மைக் காதல் காத்திருக்கும்' என்ற பெயரில் திருமணம்வரை புணர்ச்சியில்லை என்ற உறுதிமொழி அட்டை இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1994இல் வாஷிங்டன் திடலில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை நட்டுக் காட்டினார்கள். 1996இல் அமெரிக்க அரசு 'திருமணம்வரை விலகியிரு' கல்விக்கு வருடம் 5 கோடி டாலர் ஒதுக்கிற்று. 1997இல் ஜோஷுவா ஹாரிஸ் என்ற இளைஞர் காதல் பழக்கமே வேண்டாம் என்று எழுதிய புத்தகம் பல லட்சம் விற்றது. 1998 முதல் கொலராடோவில் அப்பாவும் மகளும் ஆடும் 'தூய்மை விருந்து'. மகளின் தூய்மைக்குக் காவலாக இருப்பேன் என்று அப்பன் கையெழுத்துப் போடுகிறான். மகனின் தூய்மைக்குத் தாய் கையெழுத்துப் போடும் விருந்து இதற்கு இணையாகப் பரவக் காணோம்.

பயன்? 2001இல் பேர்மன், புரூக்னர் என்ற சமூகவியலாளர்கள், உறுதிமொழி சில சூழல்களில் முதல் உறவைத் தள்ளிப்போடுகிறது என்று கண்டார்கள். ஆனால் பள்ளியில் கொஞ்சம் பேர் மட்டும் எடுத்திருந்தால்தான். எல்லாரும் எடுத்தால் பலிக்காது. அதாவது வேலை செய்தது சிறுபான்மை அடையாளம். 2009இல் ரோசன்பாம் என்ற ஆய்வாளர், ஏற்கெனவே ஒத்த மனப்போக்குடையவர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஐந்து வருடத்தில் உறுதிமொழி எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் பாலியல் நடத்தையில் வித்தியாசமில்லை. எடுத்தவர்கள் கருத்தடை, ஆணுறை பயன்படுத்துவதுதான் குறைவு. எடுத்தவர்களில் 82 சதவீதம் பேர் உறுதிமொழி எடுத்ததே இல்லை என்றார்கள். பாலைவனத்தில் பதின்மூன்று வருட உழைப்பாக இருந்தது அட்டையில் ஒரு கையெழுத்தாகச் சுருங்கினால் வேறென்ன ஆகும்? ஹாரிஸ் 2018இல் தன் புத்தகத்தை விற்பனையிலிருந்து விலக்கினார். அடுத்த வருடம் தன்னைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று அறிவித்தார்.

இதைவிடக் கனமான சாட்சியம் ஒன்று உண்டு. எலிசபெத் ஸ்மார்ட் என்ற மார்மன் குடும்பத்துப் பெண் 2002இல் பதினான்கு வயதில் கடத்தப்பட்டு, ஒன்பது மாதம் தினமும் வல்லுறவுக்கு ஆளாகி மீட்கப்பட்டவர். 2013இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் பேசினார். பள்ளியில் ஒரு ஆசிரியை, திருமணத்துக்கு முன் உறவு கொண்டவள் மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி என்று சொல்லியிருந்தாராம். தனக்கு அது நடந்ததும், 'நான் மென்று துப்பப்பட்டவள், இனி எனக்கு என்ன மதிப்பு' என்று தோன்றிற்றாம். ஆட்கள் ஏன் தப்பி ஓடாமல் இருக்கிறார்கள் என்பது புரிகிறது என்றார். லுக்ரேஷியாவின் கத்தியை, சூயிங்கம் உவமை வழியாக, ஒரு சிறுமியின் கையில் கொடுத்திருக்கிறார்கள். அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டிலேயே பிடுங்கி எறிந்த கத்தி அது.

தமிழில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. துறவியரின் வார்த்தைப்பாட்டுக்கும் நாம் சொல்வது 'கற்பு'. பத்திரிகைகள் வல்லுறவுக்கு வருடக்கணக்காகப் போட்டது 'கற்பழிப்பு'. பெண்ணியவாதிகள் சண்டை போட்டபிறகே அந்த இடத்தில் 'பாலியல் வன்முறை' வந்தது. பழைய சொல் இன்னும் முழுசாகச் சாகவில்லை. ஒரே சொல், ஒரு பக்கம் சித்தத்தின் நேர்ச்சை, மறுபக்கம் இன்னொருத்தன் வந்து 'அழித்துவிட'க்கூடிய பொருள். சபையில் இந்தச் சொல் ஒலிக்கும்போது கேட்கிற பெண்ணுக்கு எது கேட்கும்? இரண்டாவதுதான் கேட்கும். ஏனென்றால் ஊர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அர்த்தம் அது.

6

உறுதிமொழி அட்டை அச்சடித்த அதே தென்பகுதி பாப்டிஸ்ட் அமைப்பைப் பற்றி 2019இல் ஹூஸ்டன் நாளிதழ் ஒன்று வெளியிட்ட விசாரணை: இருபது வருடத்தில் பாலியல் குற்றச்சாட்டுக்கு உள்ளான ஊழியர்கள், தலைவர்கள், தன்னார்வலர்கள் சுமார் 380 பேர், பாதிக்கப்பட்டவர்கள் 700க்கும் மேல். 2022இல் வந்த சுதந்திர விசாரணை அறிக்கை, குற்றம் சாட்டப்பட்ட ஊழியர்களின் பட்டியல் ஒன்றை தலைமை அலுவலகம் இரகசியமாக வைத்திருந்ததையும், முறையிட்டவர்கள் தட்டிக்கழிக்கப்பட்டதையும் சொல்லிற்று. பெண்பிள்ளைகளின் அட்டைகள் திடலில் பகிரங்கம். போதகர்களின் பட்டியல் அலமாரியில் பத்திரம். எங்கே காவல் போட்டார்கள், எங்கே போடவில்லை என்பது இதில் தெரிந்துவிடுகிறது.

1948இல் பில்லி கிரஹாம் தன் குழுவோடு எடுத்த முடிவும், அதாவது மனைவியல்லாத பெண்ணோடு தனியாக இருப்பதில்லை என்பதும், இந்தக் கோணத்தில் பார்க்கப்பட வேண்டும். தன்னைச் சந்தேகிக்கிறவனின் நேர்மை அதில் உண்டு. ஆனால் தலைவன் தனியாகச் சந்திக்கவே முடியாத ஆள் என்று ஆகிவிட்ட பெண், முடிவெடுக்கிற அறைக்குள்ளும் வரமுடியாமல் போகிறாள். அவன் சோதனைக்கு அவள் வேலை போகிறது.

இதனாலெல்லாம் இச்சையடக்கமே புரட்டு என்று முடிப்பதற்கில்லை. டீக்கடைத் தோழருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. 'உடம்பின் விடுதலை' என்ற சொல்லை வைத்து, மறுத்த பெண்ணைப் 'பிற்போக்கு' என்று முத்திரை குத்திய தலைவர்கள் இயக்கங்களில் இல்லையா? தாவீது உப்பரிகையில் மட்டுமா உலாத்துகிறான், கட்சி அலுவலகத்திலும் இலக்கியக் கூட்டத்திலும் உலாத்துவதில்லையா? எண்ணம் வரும், அதை உட்காரவிடாதே. வந்தது உன்னுடையது, அவளுடையது அல்ல என்று சொல்லித்தரும் ஒரு பயிற்சி நமக்கும் தேவைப்படுகிறது. எவாக்ரியஸிடமும் சாராவிடமும் அது இருக்கிறது; சந்தையிடம் இல்லை. சந்தைக்கு எண்ணம் வந்து உட்கார்ந்தால்தான் வியாபாரம்.

ஆகவே தூய்மை பற்றி யார் பேசினாலும், போதகரோ பேராசிரியரோ தோழரோ, மூன்று கேள்வி கேட்போம். இதில் யாருடைய கண்ணைக் கட்டுப்படுத்தச் சொல்கிறாய், யாருடைய உடம்பைக் கட்டுப்படுத்துகிறாய்? பலவந்தப்படுத்தப்பட்டவள் உன் கணக்கில் தூய்மையானவளா இல்லையா, சுற்றி வளைக்காமல் சொல். உன்னைப் பற்றி ஒருத்தி முறையிட வந்தால் அவள் யாரிடம் போகலாம்? சாராவைப்போலப் போராடுகிறவருக்கு இந்த மூன்றுக்கும் பதில் சொல்வதில் தயக்கம் இருக்காது. தயங்குகிறவரிடம் நம் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.